முன்னால் போகிறவர்

பேய் பிசாசு விஷயத்தில் நான் எப்போதும் சிரிக்கிற கட்சி. வேலை செய்கிற இடத்தில் யாராவது கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ வாசனை என்று ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். என் தொழில் அப்படி. அடையாறில் ஒரு காது பரிசோதனை மையத்தில் பல வருஷமாக இருக்கிறேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று சொல்வேன். நான் ஒன்றுமே அனுப்பாதபோதும் பொத்தானை அமுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அவர்களுக்குக் கேட்டிருக்கும், எதையாவது கேட்டுவிட வேண்டும் என்று காத்திருக்கிற காது தானாகவே ஒரு சத்தத்தைச் செய்துகொள்ளும். இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்த ஆளுக்கே காதில் ஏதோ கோளாறு என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. நானே அப்படித்தான் நினைத்தேன். அது நடந்த மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் அந்த அறைக்குள் உட்கார்ந்து என் காதை நானே சோதித்துப் பார்த்தேன். என் வயசுக்கு நன்றாகவே இருந்தது.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் காலம் போய்விட்டது, பிறகு அம்மாவும் போய்விட்டாள். நங்கநல்லூரில் அக்கா இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். வேலைக்குப் போக வர பறக்கும் ரயில்தான். அடையாறு பக்கம் ஏறினால் உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் இறங்குகிற இடம் வந்துவிடும். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்காதீர்கள். இப்போது அதில் நிறையப் பேர் வந்து போகிறார்கள், என்னால் அது கெட வேண்டாம்.

அப்போது அப்படி இல்லை. அந்த ரயில் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், ஸ்டேஷன்கள் எல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி பெரிசு, ஆள்தான் இருக்காது. எங்கள் ஸ்டேஷனில் மேலே பிளாட்பாரம், அங்கிருந்து ஒரு படிக்கட்டு, நடுவில் ஒரு பிரம்மாண்டமான கூடம், கூடத்தைக் கடந்தால் மறுகோடியில் இன்னொரு படிக்கட்டு, அது ரோட்டில் கொண்டுவிடும். கூடத்தில் கடைகள் வரும் என்று கட்டியிருந்தார்கள், கடைகள் வரவில்லை, புறாக்கள் வந்தன. எஸ்கலேட்டர் இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தது. விளக்கு ஒன்று எரிந்தால் இரண்டு எரியாது. எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தோன்றியதே இல்லை. சொல்லப்போனால் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு உரக்கப் பேசிவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கூடத்தின் அமைதி பிடிக்கக்கூடச் செய்தது.

எங்கள் மையத்தில் வரவேற்பு மேஜையில் இருப்பவள் ஜெயந்தி. சின்னப் பெண், கெட்டிக்காரி, காது கேட்காதவர்களிடம் கத்தாமல் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டவள். அவள் வீடும் மந்தைவெளிதான். ஆனால் அவள் ரயிலில் வர மாட்டாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிற இந்தக் காலத்தில், அடையாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும், அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்துகொண்டிருந்தாள். அந்த வருஷம் மழைக்காலத்தில் மையத்தின் சாயங்கால நேரத்தைக் கொஞ்சம் நீட்டினார்கள். ஜெயந்தி ஒருநாள் என்னிடம் வந்து, வேலையை விடப்போகிறேன் என்றாள்.

"ஏம்மா? ரயில்ல போனா அரை மணிகூட ஆகாதே."

"ரயில்ல பயம் இல்ல சார். எறங்கின அப்புறம்தான்."

"யாராவது ஏதாவது பண்ணாங்களா?"

"யாரும் ஒண்ணும் பண்ணல சார். அந்தப் படியில எறங்கும்போது பின்னாடி யாராவது வருவாங்க. அவ்ளோதான்."

"அவங்களும் வீட்டுக்குப் போறவங்களா இருக்கும்."

"இருக்கும் சார்," என்றாள். "அது அவங்களுக்குத் தெரியும். எனக்கு எப்டித் தெரியும்?"

நான் தலையை ஆட்டினேனே தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றும் நடக்காதபோது எதற்குப் பயம் என்பதுதான் என் மனசில் ஓடியது. அவளிடம், மாசக் கடைசி வரை பார், அதற்குள் மேனேஜரிடம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அது நடந்தது. ஐப்பசி அடைமழை. பேய்க் கதையில் வருகிற நடுராத்திரி எல்லாம் இல்லை, ஏழு மணிகூட ஆகவில்லை, மழை இருட்டு, அவ்வளவுதான். ரயிலில் கூட்டம் இல்லை. எங்கள் ஸ்டேஷனில் பொதுப் பெட்டியிலிருந்து நானும், முன்னால் லேடீஸ் பெட்டியிலிருந்து ஒரு பெண்ணும் இறங்கினோம். ரயில் போய்விட்டது. வாடாமல்லி நிறத்தில் புடவை, தோளில் ஆபீஸ் பை, கையில் மடக்கின குடை, வயசு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளைப் புடவையில் நின்றாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. சாயங்காலம் எந்த பஸ் ஸ்டாப்பிலும் நீங்கள் பார்க்கிற பெண். வேலை முடிந்த களைப்பு அந்த நடையிலேயே தெரிந்தது.

அவள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள், நான் தூரத்தில். படியில் கால் வைப்பதற்கு முன் ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேகமாக இறங்கினாள். ஜெயந்தி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சரி, நம்மால் ஒரு பெண் பயப்பட வேண்டாம் என்று அப்படியே நின்றுவிட்டேன். போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பாவனை. செருப்புச் சத்தம் படியில் இறங்கி, கீழே கூடத்தின் சிமெண்டுத் தரையில் போய், தேய்ந்து, நின்றுபோகிற வரைக்கும் காத்திருந்தேன். மழைச் சத்தம் இருந்தது உண்மை, ஆனால் மழைச் சத்தம் ஒரே சீரானது, அதற்கு நடுவில் ஒரு காலடியைப் பிரித்துக் கேட்பது எனக்குக் கஷ்டமே இல்லை. அவள் போய்விட்டாள் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் இறங்கினேன்.

பாதிப் படியில் ஒரு திருப்பம் வரும். அங்கே திரும்பினால் எனக்கு முன்னால், அதே தூரத்தில், அந்தப் பெண் இறங்கிக்கொண்டிருந்தாள்.

நடுவில் எங்கேயாவது நின்றிருப்பாள், நான் போய்விடட்டும் என்று ஒதுங்கியிருப்பாள், அப்படித்தான் நினைத்தேன். அவள் மறுபடி திரும்பிப் பார்த்தாள். மறுபடி வேகம் பிடித்தாள். நான் மறுபடி நின்றேன், இந்த முறை இன்னும் அதிக நேரம். காலடி கூடத்தைக் கடந்து, அடுத்த படிக்கட்டில் இறங்கி, ரோட்டுப் பக்கம் மறைவதைக் கேட்டேன். கேட்டேன் என்று சத்தியம் செய்வேன். அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கூடத்துக்கு வந்தேன்.

கூடத்தின் மறுகோடியில், இரண்டாவது படிக்கட்டின் மேல்படியில், அவள் நின்றாள். அங்கே ஒரு குழல்விளக்கு எரிந்ததால் முகம் தெரிந்தது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த முகத்தில் பேய்த்தனம் ஒன்றும் இல்லை. பயம் இருந்தது. அவ்வளவு பயத்தோடு ஒருத்தர் என்னைப் பார்த்து நான் பார்த்ததில்லை. நான் யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவன், என்னைப் பார்த்து ஒருத்தி அப்படி நடுங்குகிறாளே என்று எனக்கு வெட்கமாகவும் அழுகை வருகிற மாதிரியும் ஆகிவிட்டது. கூடத்தின் இந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

"அம்மா, நான் இங்கியே நிக்கறேன். நீங்க நிதானமா எறங்கிப் போங்க. பயப்படாதீங்க."

என் குரல் கூடத்தில் சுற்றி வந்து அடங்கியது. தலைக்கு மேலே கம்பியில் புறா ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டது, நான் நிமிர்ந்து பார்த்தேன், மறுபடி பார்வையை இறக்கினபோது படிக்கட்டின் மேல்படியில் யாரும் இல்லை. அப்பாடா, போய்விட்டாள் என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க முன்னால போங்க."

கோபமாகவோ கெஞ்சலாகவோ இல்லை. களைத்துப்போன குரல். வரிசையில் நிற்கும்போது பின்னால் இருப்பவர் சொல்கிற மாதிரி.

இந்த இடத்தில் என் தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று காது உடனே சொல்லிவிடும், ஆனால் முன்னாலா பின்னாலா என்பதில் ஏமாறும். தலையை அசைக்காமல் வைத்திருந்தால் நேர் முன்னால் வருகிற சத்தம்கூட நேர் பின்னால் வருகிற மாதிரி இருக்கும், நல்ல காது உள்ளவர்களுக்கே அப்படி. தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பினால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். எனக்கு இது தெரியும் என்பதால் அந்தப் பயத்திலும் அதைத்தான் செய்தேன். முழுசாகத் திரும்ப தைரியம் வரவில்லை. கன்னத்தைத் தோளுக்குப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினேன்.

"போங்க," என்றது குரல். பின்னால்தான். நான் இறங்கி வந்த படிக்கட்டின் பக்கம்.

நடக்க ஆரம்பித்தேன். கால் தன்பாட்டில் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் அதே செருப்புச் சத்தம். நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. அந்தக் கூடத்தை எத்தனையோ வருஷமாகத் தினமும் கடந்திருக்கிறேன், அது அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தத் தூணுக்குப் பின்னால் ஆள் நிற்கலாம், எந்த மூலையில் வெளிச்சம் இல்லை, கத்தினால் கீழே ரோட்டில் யாருக்காவது கேட்குமா, இதெல்லாம் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டது. வீட்டுச் சாவியை எப்போது எடுத்து விரல் இடுக்கில் இறுக்கிப் பிடித்தேன் என்று தெரியாது. அப்புறம் ஒரு காரியம் செய்தேன். போனை எடுத்துக் காதில் வைத்து உரக்கப் பேசினேன்.

"ஹலோ, ஆங், வந்துட்டேன். எறங்கிட்டேதான் இருக்கேன். நீ வாசல்லயே நில்லு. ஆமா, பாத்துட்டேன், உன்னைப் பாத்துட்டேன்."

போனில் யாரும் இல்லை. திரைகூட எரியவில்லை. யாரோடு பேசுகிறதாக நடித்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வாசலில் எனக்காக நிற்கக்கூடிய ஆள் என்று ஒரு முகம்கூட அப்போது மனசில் வரவில்லை. வெறும் குரலில் பேசிக்கொண்டே இரண்டாவது படிக்கட்டில் இறங்கினேன். பாதியில் பின்னால் வந்த சத்தம் நின்றது. நான் நிற்கவில்லை.

கீழே வாசலில், கூரை நீட்டியிருக்கிற இடத்தில் பத்மா என்று ஒரு அம்மா பூ விற்பாள். மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சார், மயைல இப்டி வேர்த்துக் கொட்டிக்கினு வரே?"

"பின்னால ஒரு லேடி வராங்களா பாரும்மா."

எழுந்து எட்டிப் பார்த்தாள். "யாரும் இல்லியே."

"எனக்கு முன்னாடி யாராவது எறங்கிப் போனாங்களா? வாடாமல்லி கலர் பொடவ."

"நான் இங்கியேதான் குந்திக்கினு கீறேன். இந்த ரயிலுக்கு நீதான் மொத ஆளு." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒடம்பு கிடம்பு செரியில்லியா? இன்னாத்துக்கு இப்டி நடுங்கறே? சித்த உக்காரு நைனா."

அவள் கொடுத்த முக்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, டிவியையும் போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை. சாயங்காலம் அடையாறு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் அங்கே ஜெயந்தி.

"சார், நீங்க எங்க இங்க?"

"சும்மா ஒரு மாறுதலுக்கு."

ஒரு வாரம் அந்த மாறுதல் நடந்தது. பஸ் வரும், தொங்கிக்கொண்டு வரும், விட்டுவிடுவோம், அடுத்தது வரும். பாலத்து மேலே வண்டி நகராது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்தில் உயரத்தில் ரயில் காலியாக, விளக்குப் போட்டுக்கொண்டு, ஜோராகப் போகும். இந்தப் பக்கம் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நிற்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ரயிலில்தான் வீடு பக்கம் என்பது எனக்கு அந்த வாரத்தில்தான் தெரிய வந்தது. சாந்தோமில் குடியிருக்கிற ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருத்தர், அடையாறில் ஒரு ஸ்கூலில் வேலை, பெரிய உருவம், பெரிய குரல், அவரும் எங்கள் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டியவர்தான். "பசங்க முன்னாடி நான் புலி சார். அந்தப் படியில நான் எலி," என்பார்.

ஒரு நாள் ஜெயந்தி விடாமல் கேட்டாள். பஸ் பாலத்தில் நின்றிருந்தது. நான் பாதியைச் சொன்னேன்.

"அன்னிக்கி மழையில எறங்கும்போது பின்னால யாரோ வந்தாங்கம்மா."

வந்தாங்க என்றால் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டியதில்லை பாருங்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. அட நீங்களா என்று ஆச்சரியப்படவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேகமா வந்தாங்களா சார், இல்ல உங்க வேகத்துக்கே வந்தாங்களா?"

"என் வேகத்துக்கே."

"அதான் சார்," என்றாள். "அதான் தாங்க முடியாது." பிறகு, "போன் பேசற மாதிரி பேசுனீங்களா?" என்று கேட்டாள்.

"பேசினேன்."

"நானும் சார். நான் எங்க அண்ணன்கிட்டப் பேசற மாதிரி பேசுவேன். எனக்கு அண்ணனே கெடையாது."

ஸ்டெல்லா டீச்சர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏன் சார், நாம மூணு பேரும் ஒண்ணா எறங்கினா என்ன?" என்றார். இவ்வளவு சின்ன விஷயம் எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. மறுநாள் ரயிலில் போனோம். பிளாட்பாரத்தில் ஒருத்தருக்காக ஒருத்தர் நின்று, சேர்ந்து படிக்கட்டுக்கு வந்தபோது, யார் முன்னால் போவது என்று ஒரு தயக்கம். "நீங்க முன்னால போங்க சார்," என்றாள் ஜெயந்தி. "ஆம்பள பின்னால வந்தா, அது நீங்களாவே இருந்தாலும், எனக்கு முதுகு கூசும்." முன்னால போங்க என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. நான் முன்னால் போனேன். அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

ஒரு மாதத்துக்குள் எங்கள் கூட ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர் எங்களைக் கண்டதும், இதோ ஊர்வலம் வருகிறது என்று சிரிப்பார். ஸ்டெல்லா டீச்சர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார், ஜெயந்தி எரியாத விளக்கையெல்லாம் போனில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள், விட்டால் போதும் என்று ரயில்வேக்காரர்கள் வந்து எல்லா விளக்கையும் மாற்றினார்கள். பிறகு சாயங்கால நேரத்தில் ஒரு பெண் போலீஸ் வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். ஒரு டீக்கடை வந்தது. டீக்கடை வந்தால் பிறகு கேட்க வேண்டுமா, ஆள் நடமாட்டம் தானாக வந்துவிட்டது. ஜெயந்தி வேலையை விடவில்லை. அந்த வருஷமே காதுக் கருவி பொருத்துகிற பயிற்சியிலும் சேர்ந்துவிட்டாள்.

இத்தனை நாளும் நான் தினமும் முன்னால் இறங்கினேன், தினமும் காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன். ஒன்றும் கேட்டதில்லை. பின்னால் வருகிறவர்களின் பேச்சு, ஸ்டெல்லா டீச்சரின் மூச்சிரைப்பு, அவ்வளவுதான். அன்றைக்கு மழையில் என் மனசுதான் ஏதோ செய்துவிட்டது, பொத்தானை அமுக்குகிற என் நோயாளிகள் மாதிரி நானும் இல்லாததைக் கேட்டிருக்கிறேன், அப்படி முடிவுக்கு வந்து நிம்மதியாக இருந்தேன்.

போன மார்கழியில் எனக்கு ஜுரம். அக்கா வந்து திட்டிவிட்டு நங்கநல்லூருக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். ஞாயிறு சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன், மறுநாள் வேலைக்குப் போனேன். காலையில் மையத்தில் இன்னும் யாரும் வரவில்லை. ஜெயந்தி மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சார், வெள்ளிக்கிழம நான் தனியாவே எறங்கிட்டேன்."

"மத்தவங்க?"

"ஸ்டெல்லா டீச்சருக்கு ஸ்கூல் லீவு. மத்தவங்களும் யாரும் இல்ல. ரயில்ல இருந்து எறங்கினது நான் மட்டும்தான். டீக்கடையும் மூடியிருந்துச்சு, அந்த போலீஸ் அக்காவும் வரல. பஸ்லயே போயிருக்கலாமோன்னு நெனச்சேன். அப்புறம், சரி, லைட்டுதான் எரியுதேன்னு எறங்கினேன்."

"பயமா இல்லியா?"

"மொதல்ல இருந்துச்சு. பாதியில பின்னால ஒரு அக்கா வந்துட்டாங்க. நான் திரும்பிப் பாக்கப் போனேன், 'திரும்பாதம்மா, நான்தான் இருக்கேன், நீ பாட்டுக்குப் போ'ன்னாங்க. அவ்ளோதான் சார், பயமே போயிடுச்சு. பேசிக்கிட்டே எறங்கினோம்."

அவள் துணியை உதறி மடித்தாள். நான் என் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"ஆளு எப்டி இருந்தாங்க?"

"பாக்கல சார். கீழ வந்து பை பை சொல்லலாம்னு திரும்பினா காணோம், மேலயே நின்னுட்டாங்க போல. நம்ம கூட எறங்கறவங்கதான் சார். உங்களக்கூடத் தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு."

"என்னையா?"

"ஆமா சார். 'முன்னால போவாரே ஒருத்தர், அவரு வரலியா'ன்னு கேட்டாங்க. ஜுரம்னு சொன்னேன். 'ஐயோ, தனியா இருக்கறவராச்சே'ன்னாங்க. எப்போ வருவாருன்னு கேட்டாங்க. திங்கக்கிழம வந்துடுவாருன்னு சொல்லிட்டேன்."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஜெயந்தியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவள் மறுபடி பஸ்ஸில் போவாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் போவார்கள். நான் பஸ்ஸில் போகலாம் என்றாலும் ஏன் என்று கேட்பாள். அதனால் அன்று சாயங்காலம் வழக்கம்போல ரயிலில் வந்தோம், நான்கைந்து பேர் இருந்தார்கள், நான் முன்னால் இறங்கினேன். எல்லா விளக்கும் எரிந்தது. கூடத்தில் டீ வாசனை. என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் பொங்கலுக்குத் துணி எடுக்க தி.நகர் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதும் பார்ப்பதில்லை.

நீங்கள் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பெண் பயணி கேட்டிருப்பாள், பெரிய விஷயமா என்பீர்கள், இருக்கலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை. ஜெயந்தி அதைச் சொன்னாள் அல்லவா, அவர் வரவில்லையா என்று கேட்டார்கள் என்று, அதைக் கேட்டதும் எனக்கு முதலில் பயம் வரவில்லை. பயம் அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.